காற்றுக்குப் போட்ட பந்தல்

"கல்யாணமா, சாவா?" என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

"ரெண்டும் இல்ல" என்றான் கண்ணையன்.

"காது குத்தா?"

"இல்ல."

"மஞ்சத்தண்ணியா?"

"பொண்ணு வேலூர்ல காலேஜ் படிச்சிகினு இருக்கு. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிது."

"அப்பறம் பந்தல் எதுக்கு நைனா?"

"காத்துக்கு."

ஜம்புலிங்கம் முப்பது வருஷமாகத் திருத்தணியில் பந்தல் போடுகிறவர். ஆனந்தத்துக்குப் போட்டிருக்கிறார், அழுகைக்குப் போட்டிருக்கிறார், கட்சிக்காரர்களுக்குப் போட்டுவிட்டுப் பணத்துக்கு அலைந்திருக்கிறார். காற்றுக்குப் போடச் சொன்ன முதல் ஆள் இவன்தான். கண்ணையனின் சிவந்த கண்களையும் வீங்கிய இமைகளையும் பார்த்தார். அவன் பேசும்போது லேசாக மூக்கை நீட்டி மோந்தும் பார்த்தார். காலை எட்டரை மணிக்கே குடித்துவிட்டு வந்த ஆளாக இருக்குமோ என்று சந்தேகம்.

"குடிக்கல ஜம்புலிங்கம். இப்பதான் வேல முடிச்சி வரேன். தூங்கணும். பந்தல் போடு, அதுக்கடியில படுக்கறேன். அவ்ளோதான்."

அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ஆறு மணி நேரத் தூக்கம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருபது வருஷமாக அவனுக்கு நைட் ஷிப்ட். இரண்டே வருஷம் என்று சொல்லித்தான் சேர்ந்தான். பிறகு யாரும் அவனைப் பகலுக்கு மாற்றவில்லை. அவனும் கேட்கவில்லை. காலையில் கம்பெனி பஸ் இறக்கிவிடும். குளித்து, எதையாவது தின்று, பத்துக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுவான். அதற்காக வீட்டில் சில ஏற்பாடுகள் உண்டு. குக்கர் கிடையாது, விசிலடிக்கும். மிக்சி அவன் வருவதற்குள் ஓடி முடிந்துவிட வேண்டும். டிவி ஊமை. காலிங் பெல் ஒயரை அவனே வெட்டிவிட்டான். கீரைக்காரம்மா கூட அந்த வீடு வந்ததும் குரலை இறக்கிக்கொண்டு, அதைத் தாண்டியதும் மறுபடி ஏற்றுவாள். சொந்தக்காரர்கள் வாசல்வரை வந்து, "தூங்கினு இருப்பாரு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தெருவே தனக்கு மரியாதை கொடுப்பதாகக் கண்ணையன் நினைத்திருந்தான்.

மனிதர்கள் கொடுத்த மரியாதையை வெயில் கொடுக்கவில்லை. சித்திரை பிறந்ததிலிருந்து தளம் போட்ட அந்த வீடு பகலெல்லாம் வெந்தது. மின்விசிறி, மேலே இருந்த சூட்டை எடுத்துக் கீழே இருந்தவன்மேல் கொட்டியது. ஈரத் துணியைப் போர்த்திப் படுத்தான். கால்மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. தூக்கம் போனது. பகலில் போன தூக்கம் ராத்திரி மெஷின் பக்கத்தில் வந்து நின்றது. ஒரே மாதத்தில் இரண்டு மெமோ. இரண்டையும் சாப்பாட்டுப் பையின் அடியில் மடித்து வைத்திருந்தான். தேவயானிக்குச் சொல்லவில்லை.

"மூணாவது லெட்டர் குடுத்தேன்னா நீ வூட்லயே தூங்கலாம்பா, யாரும் எழுப்ப மாட்டாங்க" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவர் கெட்டவரில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மே தின விடுமுறையன்று தேவயானி கைபேசியைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இதப் பாருங்க. கோடையில வூட்டு வாசல்ல காத்தாட உக்கார்றதுக்கு இருவத்தஞ்சு வழி."

சத்தம் இல்லாமல் படங்கள் ஓடின. அந்த வீட்டில் கைபேசியும் ஊமைதான். மூங்கில் கூரை. ஆடும் வெள்ளைத் திரை. பிரம்பு நாற்காலி. பக்கத்தில் இடுப்பளவு மண் ஜாடிகள், அவற்றில் வெளிறிய நிறத்தில் ஏதோ காய்ந்த புல்லின் கொத்து. நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரம்மா காலை நீட்டிக்கொண்டு பச்சையாக எதையோ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மாக்கு எந்த ஷிப்ட்டு?" என்றான் கண்ணையன்.

"ஷிப்ட்டே இல்ல போல."

"அதான் சிரிக்குது."

"நம்ம வாசல்ல எடம் சும்மாதான கெடக்குது. இருவது அடி. ஸ்டேஷன் பக்கத்துல இருந்து காத்து நேரா வருது. ஒரு கூரை போட்டா நீங்களும் வெளியவே படுத்துக்கலாம்."

அவன் அதற்குமேல் படத்தைப் பார்க்கவில்லை. படுத்துக்கலாம் என்ற சொல் போதுமானதாக இருந்தது.

ஜம்புலிங்கத்துக்கும் படத்தைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூங்கிலுக்கு நான் எங்க போறது? சவுக்குக் கட்ட நடறேன். மேல தென்ன ஓலை. குளுகுளுன்னு இருக்கும்."

"வெள்ளத் திரை?"

"வெள்ளத் துணியெல்லாம் மூணு சாவுக்குப் போயிருக்குது. ஆடிக் கிருத்திகைக்குத் தெச்ச மஞ்சத் துணிதான் இருக்கு. புதுசு."

கண்ணையன் மனைவியைப் பார்த்தான். "வெள்ளன்னா அழுக்காவுங்க" என்றாள் அவள். சரி என்றான். கண் மூடித் தூங்குகிறவனுக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன.

ஜாடிக்குப் பதிலாகத் தேவயானி மூன்று பெரிய மண்பானைகளை வாங்கிவந்து, மணலைக் கொட்டி அதன்மேல் உட்கார்த்தினாள். செடி வைக்கிற பானையை ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டுமாம், இல்லையென்றால் விரிசல் விடுமாம். ஊற்றி வைத்தாள். பூச்சி விழாமல் தட்டு போட்டு மூடினாள். காய்ந்த புல்லுக்கு எங்கே போவது? மலைமேல் வாங்கிய மயிலிறகு வீட்டில் ஒரு கட்டு இருந்தது. அதைக் கம்பத்தில் செருகினாள்.

வேலை முடிந்ததும் ஜம்புலிங்கம் நாலடி பின்னால் போய் நின்று தன் பந்தலைப் பார்த்தார். கைகள் தாமாகக் குவிந்தன.

"நல்லா வந்திருக்குது" என்றார்.

படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கண்ணையன் யோசித்திருக்க வேண்டும். அவன் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து நடுவில் போட்டுப் படுத்துவிட்டான். ஓலையின் பச்சை வாசம். பானையில் பட்டு வந்த காற்று. ஒரு மாதத்துக்குப் பிறகு அவனுடைய தோள்கள் கட்டிலில் பதிந்தன.

சரியாக நாற்பது நிமிஷம் தூங்கினான்.

கண் திறந்தபோது ஒரு மொட்டைத் தலை அவன்மேல் கவிந்திருந்தது. தலை முழுக்கச் சந்தனம். அதற்குப் பின்னால் இன்னும் ஒன்பது சந்தன மொட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. செத்துவிட்டோம் என்றுதான் கண்ணையன் முதலில் நினைத்தான். பெரிய வருத்தம் ஒன்றும் ஏற்படவில்லை.

"நைனா, கொஞ்செம் நீள்ளு" என்றது முதல் மொட்டை.

அவர்கள் நகரிப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து, மலையில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்புகிறவர்கள். ஸ்டேஷனிலிருந்து மலைப்படிக்குக் குறுக்கே போகிற தெரு அது. மஞ்சள் துணி, ஓலைப் பந்தல், மணல்மேல் மூடிய பானைகள், கம்பத்தில் மயிலிறகு. இதையெல்லாம் பார்த்த எந்த பக்தனும் செய்யக்கூடியதைத்தான் அவர்களும் செய்தார்கள். தண்ணீர் கேட்டார்கள்.

கண்ணையன் வாயைத் திறப்பதற்குள் தேவயானி சொம்போடு வந்துவிட்டாள். அவளும் நகரிப் பக்கத்துப் பெண்தான். தெலுங்கில் என்னவோ சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முதல் மொட்டை குடித்து முடித்து, கட்டிலில் கிடந்தவனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனது.

"இன்னா தேவி இது?"

"தாகம்னு கேக்கறாங்க. இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்தான்.

அன்று நாலு மணிவரை இருபது கூட்டம் வந்தது. மறுநாள் அவன் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டினான்: "இது தனியார் இடம். உள்ளே வரக் கூடாது."

ஆந்திராக்காரர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. பந்தலில் எழுதிக் கட்டியிருப்பது உபயதாரர் பெயராகத்தான் இருக்கும் என்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் மோசம். மணவூரிலிருந்து வந்த ஒருவர் முழுவதையும் சத்தமாகப் படித்தார்.

"தனியார்னா கவருமெண்ட்டு இல்ல, கட்சிக்காரனும் இல்ல. சொந்தச் செலவுல வெச்சிருக்காரு" என்று கூட வந்தவர்களுக்கு விளக்கினார். "பேர் கூடப் போட்டுக்கல பாரு. இதான்டா தர்மம்."

"உள்ள வரக் கூடாதுன்னு போட்டிருக்குதே மாமா?"

"செருப்போட வரக் கூடாதுன்னு அர்த்தம். கழட்டு."

அவர்கள் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்து வந்தவர்களும் கழற்றினார்கள். செருப்பைக் கழற்றிய பிறகு, எப்படியும் மலைக்குத்தானே போகிறோம், இங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியிருக்கிறது. மத்தியானம் கண்ணையன் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி அறுபது ஜோடி இருந்தது.

"அண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள் ஒரு பெண். "நீங்க சும்மாதான படுத்துனு இருக்கீங்க."

மூன்றாம் நாள் தெருவோரமாகச் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே கட்டி அடைத்தான். ஆள் நுழைய முடியாதபடி, இடுப்புயரத்துக்கு, முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. கட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத் தூக்கம் போனால் போகட்டும், அடுத்த ஐந்து மணி நேரம் கிடைக்குமே என்று கணக்கு.

இந்த ஊருக்கு வருகிறவன் கட்டையைப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் செய்வான். அதன் பக்கத்தில் போய் வரிசையில் நிற்பான். அடைப்பை யாரும் அடைப்பாகப் பார்க்கவில்லை. இரண்டு வரிசைக் கட்டைகளுக்கு நடுவே ஒருவர்பின் ஒருவராக நின்று, பக்கவாட்டில் எங்கே முடிகிறதோ அங்கே வளைந்து, ஒழுங்காகப் பந்தலுக்குள் வந்தார்கள். முன்பு கலைந்து வந்த கூட்டம் இப்போது சீராக வந்தது. எண்ணிக்கையும் கூடியது; வரிசை இருக்கிற இடத்தில் ஏதோ இருக்கிறது என்று தெருமுனையில் போனவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவர் கண்ணையனைத் தட்டி எழுப்பினார். சலவைச் சட்டை, கையில் கார் சாவி.

"ஸ்பெஷல் வரிசை எந்தப் பக்கம்பா?"

கண்ணையன் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்தான். அவர் பயந்துபோய்ப் பொது வரிசையில் போய் நின்றார்.

எதிர்வீட்டு அஸ்கரி பேகம் அன்று தெருவைக் கடந்து வந்தார். ஒரு பெரிய எவர்சில்வர் குண்டானில் சப்ஜா விதை போட்ட சர்பத். தேவயானி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டம்ளரில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நீங்களுமா?" என்றான் கண்ணையன்.

"ஆங். ஏன் அண்ணே? எல்லாரும் வராங்க, நான் மட்டும் வரக் கூடாதா? எதிர்க்கயே இருக்கேன், பதினாறு வருஷமா உங்க வூட்டுக்குள்ள வந்ததில்ல. கதவத் தட்டவே பயம். ஒருவாட்டி சக்கர கேக்க வந்துட்டு, தட்டாம அப்டியே போயிட்டேன்."

"எப்போ?" என்றாள் தேவயானி.

"உன் பொண்ணு மூணாவது படிக்கும்போது."

இருவரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கண்ணையனுக்கு விளங்கவில்லை. அவர்கள் சிரிக்கச் சிரிக்க அவனுக்கு மண்டைக்குள் ஆணி இறங்கியது.

நாலாம் நாள்தான் திரை யோசனை வந்தது. மஞ்சள் துணியில் மிச்சமிருந்ததை எடுத்துப் பந்தலின் நாலு பக்கமும் கட்டி இறக்கினான். பானைகளை வெளியே தள்ளினான். குடிக்கிறவர்கள் குடித்துவிட்டுப் போகட்டும். நடுவில் கட்டில், கட்டிலில் அவன், நெற்றியில் ஈரத் துண்டு. யாரும் அவனைப் பார்க்க முடியாது, அவனும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

முதல் பத்து நிமிஷம் அமைதியாக இருந்தது. பிறகு அந்த அமைதியே சந்தேகமாக இருந்தது. காலடிகள் வந்தன, போகவில்லை. வந்து, வந்து, நின்றன.

"திரை போட்டிருக்காங்க" என்றது ஒரு குரல்.

"அலங்காரம் நடக்குது போல."

"எப்போ தொறப்பாங்க?"

"தெரியல. உக்காருங்க, உக்காருங்க. முன்னாடி இருக்கறவங்க உக்காந்தாதான பின்னாடி தெரியும்."

உட்கார்ந்தார்கள். யாரோ விசிறிக்கொண்டார்கள். யாரோ கற்பூரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். காவடி கொண்டுவந்த ஒருவர் அதை இறக்கி வைத்தார். மணிகள் எல்லாம் ஒருமுறை குலுங்கின. உள்ளே கண்ணையன் மல்லாந்து படுத்து ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணி நாலு பக்கமும் காற்றை அடைத்துவிட்டதால் வியர்வை காதுக்குள் இறங்கியது. ஒரு மணி நேரம் பொறுத்தான். வெளியே கூட்டம் கூடிக்கொண்டே போனது.

பொறுக்க முடியாமல் எழுந்து திரையை ஒரே இழுப்பாக இழுத்தான்.

பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, குத்திட்டு நின்ற தலைமயிர், சிவந்து உருண்ட கண்கள். எதிரே நாற்பது, ஐம்பது பேர்.

"அரோகரா!" என்று அத்தனை கைகளும் தலைக்குமேல் போயின.

பழக்க தோஷம். திரை விலகினால் கை போகும், வாய் கத்தும். அதற்குப் பிறகுதான் கண் பார்க்கும். கண் பார்த்தது. கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"அய்யோ, தூங்கினு இருந்தியா சாமி?" என்று முன்வரிசையில் இருந்த அம்மா ஒருத்தி கேட்டாள். அந்த நாலு நாளில் அவனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். கண்ணையனுக்கு அழுகை வந்தது.

மத்தியானம் பந்தலைப் பிரித்துவிடச் சொல்லி ஜம்புலிங்கத்திடம் போனான்.

"தண்ணி குடிக்கிற பந்தலப் பிரிக்கச் சொல்றியா?" ஜம்புலிங்கம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "இந்தக் கைய இன்னா பண்ணலாம்னு இருக்க நைனா? மூணு பேத்தி இருக்குது எனக்கு. வைகாசி கழியட்டும், பாக்கலாம்."

"நீதான கட்டுன?"

"காத்துக்குன்னு சொன்ன, கட்டுனேன். இப்ப அது சாமி காரியம் ஆயிடுச்சி. கவருமெண்ட்டு வந்து பிரிச்சா அது வேற. பாவம் என் தலைல விழாது."

கண்ணையன் தானே ஸ்டூலைப் போட்டு ஏறினான். முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நாலு மொட்டைப் பையன்கள் ஓடிவந்தார்கள். கூரை சாய்கிறது, பாவம், ஒற்றை ஆளாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அவனை இடுப்பைப் பிடித்து மரியாதையாகக் கீழே இறக்கிவிட்டு, அவர்களே ஏறி எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து, புதிதாக இறுக்கிக் கட்டினார்கள். ஜம்புலிங்கம் கட்டியதைவிட நன்றாகக் கட்டினார்கள். ஒருவன் கம்பத்தில் தொங்கிப் பார்த்தான். ஆடவில்லை.

அன்றைய ஷிப்ட்டில் கண்ணையன் நின்றபடியே தூங்கினான். மெஷின் நின்று, அலறி, பக்கத்து வரிசைக்காரர்கள் ஓடிவந்து பிடிக்கும்வரை தூங்கினான். கையில் காயம் ஒன்றும் இல்லை, அதிர்ஷ்டம்தான். விடிந்ததும் சூப்பர்வைசர் மூன்றாவது கடிதத்தை எழுதி, கையெழுத்துப் போடாமல் மேசை மேல் வைத்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம வரைக்கும் இது இங்கயே இருக்கும். நல்லா தூங்கிட்டு வந்தியோ, கிழிச்சிப் போட்டுடறேன். இதே கண்ணோட வந்தியோ, கையெழுத்துதான்."

அன்று வெள்ளிக்கிழமை.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக நகராட்சி அலுவலகத்துக்குப் போனான். கதவு திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தான். துளசிங்கம் என்கிற எழுத்தர் வந்து, விசிறியைப் போட்டு, நாற்காலியில் துண்டை விரித்து உட்கார்ந்ததும் அவர் முன்னால் போய் நின்றான்.

"ஒரு புகார் சார். அனுமதி இல்லாம ஒரு பந்தல். ஜனங்களுக்கு எடைஞ்சல். இன்னிக்கே ஆள் அனுப்பி பிரிச்சிடணும்."

துளசிங்கம் பேனாவை எடுத்தார். "எந்தத் தெரு?"

சொன்னான்.

"யார் வூட்டு முன்னாடி?"

"என் வூட்டு முன்னாடி."

"யார் போட்டது?"

"நான்தான் சார்."

துளசிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "யார் மேலப்பா புகார்?"

"என் மேலதான் சார். நானே சொல்றேன், அனுமதி கெடையாது. கேஸ் போட்டாலும் சரி. இன்னா வேணாலும் பண்ணுங்க. பிரிச்சிட்டா போதும்."

இருபத்தேழு வருஷ சர்வீஸில் துளசிங்கம் எத்தனையோ புகார் வாங்கியிருக்கிறார். அண்ணன்மேல் தம்பி கொடுத்திருக்கிறான், மாமியார்மேல் மருமகள் கொடுத்திருக்கிறாள். தன்மேலேயே புகார் கொடுக்க, அதுவும் கதவு திறப்பதற்கு முன்பே வந்து, யாரும் படியில் காத்திருந்ததில்லை. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு. டீ சாப்டியா?"

உட்கார்ந்ததும் கண்ணையனுக்குச் சொற்கள் தாமாக வந்தன. வெயில், மெமோ, மொட்டைகள், செருப்பு, திரை, திங்கட்கிழமை. மெமோ விஷயத்தை அவன் வெளியே ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல்முறை.

"எனக்காகக் கூட இல்ல சார். வூட்ல அவளப் பாருங்க. காலைலேர்ந்து சாய்ந்தரம் வரைக்கும் யார் யாருக்கோ மொண்டு ஊத்தினு நிக்கறா. கை கழண்டுடும். வாயத் தொறந்து வேணாம்னு சொல்லத் தெரியாது அவளுக்கு. பாவம், போன்ல எதோ படத்தப் பாத்து வாசல அழகு பண்ணலாம்னு ஆசப்பட்டா. இப்டி மாட்டிக்கினா."

துளசிங்கம் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார்.

"அனுமதி இல்லன்னு யார் சொன்னது? இருக்குதே."

"என்னுது காத்துக்குப் போட்ட பந்தல் சார்."

"தண்ணீர்ப் பந்தல்னு போட்டிருக்குது. அதே தெரு, அதே கதவு எண்ணு. ஓலைக் கூரை, மஞ்சத் துணி, மூணு பானை, எல்லாம் தெளிவா எழுதியிருக்கு. எடுக்கறதுன்னா மனு குடுத்தவங்கதான் வந்து கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"யார் சார் குடுத்தது?"

"தேவயானி, கணவர் பெயர் கண்ணையன். மார்ச் இருவத்தாறாந் தேதி."

கண்ணையன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தான். தூக்கமில்லாத கணக்கு, இரண்டு முறை எண்ண வேண்டியிருந்தது.

"படம் பாத்ததே மே மாசந்தான் சார்."

"அது உனக்குக் காமிச்சதா இருக்கும்" என்றார் துளசிங்கம். கோப்பைக் கண்ணாடிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். "இந்த மனு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா. காரணம்னு இருக்கிற எடத்துல எல்லாரும் பக்தர்கள் தாகம்னுதான் எழுதுவாங்க. இந்தம்மா மட்டுந்தான் 'இருபது வருடமாக எங்கள் வீட்டுக்குப் பகலில் யாரும் வருவதில்லை'ன்னு எழுதியிருந்தாங்க."